தகரமா, செங்கல்லா

பதினோரு மணிக்குள் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். சேலம் ரோட்டில் தகர ஷெட் செய்து விற்கிறவர் காலையிலேயே போன் போட்டுவிட்டார். “பதனோரு மணிக்கு நம்ம வண்டி சங்ககிரிக்கு லோடு ஏத்திக்கிட்டு வருதுங்க. நீங்க சேரின்னா உங்களுதையும் சேத்துப் போட்டு உட்டுர்றேன். பொழுதுக்குள்ள நட்டு முடுக்கி, பூட்டுப் போட்டு, சாவியக் கையில குடுத்துருவாங்க.” யோசித்துச் சொல்கிறேன் என்றார் அர்த்தநாரி. மின்வாரியத்தில் முப்பத்தாறு வருஷம் வேலை பார்த்து லைன் இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்ற மனிதர். கம்பம் இங்கே வரட்டும், ஸ்டே கம்பி அங்கே வரட்டும் என்று ஊர் ஊராகப் போய்க் கை காட்டியவர். சொந்த வீட்டுக்குப் பின்னால், பத்தடிக்கு எட்டடி இடத்தில் என்ன வைப்பது என்று இரண்டு வாரமாக யோசித்துக்கொண்டிருக்கிறார். இப்போது மணி ஒன்பதரை. இட்லி தின்று கை கழுவி, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, வீட்டின் பின்புறம் பொடக்காலியில், துவைக்கிற கல்லுக்கும் முருங்கை மரத்துக்கும் நடுவில் நிற்கிறார். வாங்குவதா, கட்டுவதா. தகரமா, செங்கல்லா. கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். பழைய சாமான் போடுகிற ஷெட்டுக்கு இவ்வளவு யோசனையா என்பார்கள். பழைய சாமான் இல்லை என்று அவர்களுக்கு எப்படிச் சொல்வது. பழசும் இல்லை, புதுசும் இல்லை. அதுதான் கஷ்டமே.

வைக்க வேண்டியது கோகிலவாணியின் சீர்ச் சாமான். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரே மகளைக் கல்யாணம் செய்து கொடுத்துப் பெருந்துறைக்கு அனுப்பியபோது அவளோடு போன கட்டில், மெத்தை, பீரோ, கண்ணாடி வைத்த மேசை, கிரைண்டர், அண்டா குண்டா எல்லாம் எட்டு மாதத்துக்கு முன் ஒரு நாள் குட்டி யானை வண்டியில் ஏறித் திரும்பி வந்தன. பெண் அதற்கு ஒரு வாரம் முன்னாலேயே ஒரு தோள்பையோடு பஸ்ஸில் வந்திருந்தாள். சாமான் வந்தது சும்மா வரவில்லை, பட்டியலோடு வந்தது. நிச்சயத்தன்று இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் உட்கார்ந்து, தாளின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி எழுதிய அதே பட்டியல். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருத்தர் தெருவில் நின்று கோர்ட்டில் வாசிக்கிற மாதிரி உரக்க வாசித்தார். அர்த்தநாரியின் மனைவி மரகதத்தின் அண்ணன் வண்டிக்குள் எட்டிப் பார்த்து, இருக்குது, இருக்குது என்று சொல்லிக்கொண்டே வந்தார். இட்லிக் கொப்பரை ஒன்று. இருக்குது. எண்ணெய்த் தூக்கு ஒன்று. இருக்குது. எதிர்வீட்டு மொட்டை மாடியில் காய்ந்த துணியை எடுத்துத் திரும்பவும் காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். ஜாரணி ஒன்று. ஜாரணி இல்லை. பலகாரம் அரித்தெடுக்கிற அந்த ஒரு ஜாரணிக் கரண்டிக்காகக் கால் மணி நேரம் பேச்சு நடந்தது. மறுநாள் ஒருத்தன் பைக்கில் வந்து, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல், ஜாரணியைக் கேட்டுக்கு மேலாக நீட்டினான். அர்த்தநாரி அதை வாங்கிக்கொண்டு தேங்ஸுங்க என்றார். பெண்ணின் வாழ்க்கை இரண்டாகக் கிடக்கிறது, இவர் ஜாரணிக்கு நன்றி சொல்கிறார். ஏன் சொன்னோம் என்று எட்டு மாதமாக விளங்கவில்லை. வாய் அப்படிப் பழகிவிட்டது. பெண்ணைப் பெற்ற நாளிலிருந்து குனிந்தே பழகிய வாய்.

பாத்திரங்களில் பேர் வெட்டியிருக்கிறது. அதில்தான் எல்லாம் மாட்டிக்கொண்டது. ஈரோட்டுப் பாத்திரக் கடையில் பேர் வெட்டுகிற ஆள், பொண்ணு பேரு மட்டும் போதுங்களா என்று கேட்டான். ரெண்டு பேர்த்தயுந்தான் போடு தம்பி, அதுலென்ன கஞ்சத்தனம் என்று சொன்னது அர்த்தநாரியேதான். நவநீதன், கோகிலவாணி, கீழே கல்யாணத் தேதி. மெஷின் ஊசி டர்ரென்று ஓட, பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, டீ குடித்துக்கொண்டே பார்த்தார். எவ்வளவு சந்தோஷமாக இருந்தது அன்றைக்கு. குடத்தில் வெட்டினான், போசியில் வெட்டினான், தட்டில், டம்ளரில், கடைசியாக ஒரு சின்ன நெய்க் கிண்ணத்தில் இடம் போதாமல் பேரைச் சுருக்கி வெட்டினான். இன்றைக்கு அந்தப் பாத்திரங்களை யாருக்கும் கொடுக்க முடியவில்லை, எந்தக் கல்யாணத்திலும் அன்பளிப்பாக வைக்க முடியவில்லை. பழைய பாத்திரத்துக்குப் போட்டுப் புதுசு வாங்கலாம் என்றால் மரகதம் விடுவதில்லை, அதிலேயே சோறாக்கித் தின்னலாம் என்றாலும் விடுவதில்லை. எல்லாம் கோகிலா பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து படுத்துப் படித்த சின்ன ரூமுக்குள் கூரை முட்ட அடைந்து கிடக்கின்றன. அங்கே அடங்காதது ஹாலுக்கு வந்துவிட்டது. கட்டில் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் சுவரில் சாய்ந்து நிற்கிறது. அந்தக் கட்டிலுக்குச் சொந்தக்காரி அதன் காலடியில் பாய் விரித்துப் படுக்கிறாள். விடிகாலையில் தண்ணீர் குடிக்க எழுந்து வருகிறபோது பார்ப்பார். சுவரோரமாக, கையையும் காலையும் ஒடுக்கிக்கொண்டு படுத்திருப்பாள். சின்ன வயதில் அப்படிப் படுக்க மாட்டாள். கட்டில் முழுக்கக் காலைப் பரப்பி, போர்வையை உதைத்துத் தள்ளிவிட்டுத் தூங்குவாள். எப்போது சுருட்டிக்கொண்டாள் என்று பார்த்துக்கொண்டே நிற்பார், அப்புறம் தண்ணீர் குடிக்காமலே போய்ப் படுத்துக்கொள்வார்.

நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. நாளைக்கு அவர்கள் வருகிறார்கள். மரகதத்தின் அண்ணன்தான் நடுவில் நின்று பேசினார். போனது போகட்டும், புள்ளைய அனுப்பி வெய்யுங்க, சாமானத்தை நாங்களே வந்து ஏத்திக்கறோம் என்று சம்பந்தி சொன்னாராம். எட்டு மாதம் கழித்து எங்கிருந்து வந்தது இந்தப் பெருந்தன்மை என்று அர்த்தநாரி கேட்கவில்லை. மரகதம் கேட்காதது மட்டுமில்லை, அன்றைக்கே அர்த்தநாரீசுவரருக்கு மாவிளக்குப் போடுவதாக வேண்டிக்கொண்டுவிட்டாள். அவள் கட்சி தகரம். நாளைக்குச் சம்பந்தி வீட்டு ஒறம்பரை வருகிறபோது ஹாலில் பெண் பாயில் படுக்கிற கோலத்தைப் பார்க்கக் கூடாது, சாமானெல்லாம் இன்றைக்கே பொடக்காலிக்குப் போய்விட வேண்டும், தகரம் என்றால் ஒரே பொழுதில் நின்றுவிடும், பெண் புருஷன் வீட்டுக்குப் போனதும் கழற்றி யாருக்காவது கொடுத்துவிடலாம். ரெண்டு மாசத்துக்குத்தானுங்க, ரெண்டே மாசம், என்கிறாள். அந்த ரெண்டு மாசத்தைச் சொல்கிறபோது அவள் குரல் கெஞ்சுகிறது. இவரிடம் கெஞ்சுகிறாளா, சாமியிடம் கெஞ்சுகிறாளா என்று தெரியாத ஒரு கெஞ்சல். கொத்தனார் மாரப்பன் கட்சி செங்கல். தகரம் வெயிலில் காய்ந்து உள்ளே வைத்ததையெல்லாம் வேகவைத்துவிடும் என்கிறார். புரட்டாசியில் கடைக்கால் தோண்டக் கூடாது, ஐப்பசி எட்டாம் தேதி வாஸ்து நாள், அன்றைக்குப் பூஜை போட்டு ஆரம்பித்தால் ஒரு மாதத்தில் தளம் போட்டு விடலாம், வேண்டுமென்றால் செங்கல் ஒரு லோடு இன்றைக்கே இறக்கி வைக்கலாம் என்கிறார். மாரப்பனுக்கு என்ன தெரியும் பாவம். வாசலில் ஒரு லோடு செங்கல் கிடந்தால், நாளைக்குக் காரை விட்டு இறங்குகிற சம்பந்தி அதைப் பார்ப்பார். என்னுங்க சம்பந்தி, என்னமோ கட்டறீங்க போல என்று சிரித்துக்கொண்டே கேட்பார். பெண்ணின் சீரை வைக்கச் செங்கல்லில் ரூம் கட்டுகிறவன் பெண்ணை அனுப்பப் போவதில்லை என்று ஊரில் குழந்தைக்குக்கூடத் தெரியும். தகரம் என்றால் போகிறாள். செங்கல் என்றால் இருக்கிறாள். இவ்வளவுதான் விஷயம். இதை இந்த வீட்டில் மூன்று பேரும் வாய்விட்டுச் சொல்லாமல், ஷெட்டு ஷெட்டு என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

மூன்று பேரா. இரண்டு பேர். கோகிலா பேசவே இல்லை.

காலால் அளந்தார். குதிகாலுக்கு முன்னால் பெருவிரல், பெருவிரலுக்கு முன்னால் குதிகால். பதினொன்று வந்தது. திரும்பி அளந்தார், பன்னிரண்டு வந்தது. செருப்புப் போட்டு அளந்தால் ஒன்று, போடாமல் அளந்தால் ஒன்று, என்ன அளவோ. கீழே ஒரு உடைந்த ஓட்டுச் சில்லை எடுத்துக் கோடு கிழித்தார். கதவு எந்தப் பக்கம் வைப்பது. கிழக்கே வைத்தால் துவைக்கிற கல் இடிக்கும், வடக்கே வைத்தால் பக்கத்து வீட்டு ஜன்னல். தகரம் என்றால் கதவு அவர்கள் வைத்த பக்கம்தான். தகரத்தின் மேல் கை வைத்த மாதிரி உள்ளங்கை சுட்டது, ஒன்றுமில்லை, முருங்கை மரத்து நிழல் நகர்ந்து வெயில் கையில் விழுந்திருக்கிறது. ஒரு சித்திரை மாதம், கத்திரி வெயிலில், கொங்கணாபுரம் பக்கம் ஒரு தோட்டத்துக் கம்பத்தில் ஏறியிருந்தபோது இரும்பு இப்படித்தான் சுட்டது. கீழே தோட்டத்துக்காரர் நின்றுகொண்டு, லைன் ஆஃப் பண்ணியாச்சுங்க, பயப்படாம தொடுங்க, நானே பாத்தனுங்க என்றார். அர்த்தநாரி தொடவில்லை. இறங்கினார். ஒரு மைல் நடந்து டிரான்ஸ்பார்மருக்குப் போய், ஃபியூஸ் கட்டை மூன்றையும் தன் கையால் பிடுங்கிக் காக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு, ஒரு மைல் திரும்பி நடந்து வந்து அப்புறம்தான் ஏறினார். அடுத்தவன் சொன்னான் என்று கம்பியில் கை வைக்கக் கூடாது, கட்டை நம் பையில் இருந்தால்தான் உயிர் நம் கையில் என்று புதிதாக வருகிற ஒவ்வொருத்தனுக்கும் சொல்லிக் கொடுத்தவர். சொல்லிக் கொடுத்ததென்ன, காதைத் திருகித் திருகி மண்டையில் ஏற்றியவர். முப்பத்தாறு வருஷத்தில் தன் கீழே வேலை செய்த ஒருத்தனுக்கும் ஒரு கீறல் விழ விட்டதில்லை என்று ஓய்வு பெற்ற அன்று மாலை போட்டுப் பேசினார்கள். கைதட்டினார்கள். அதே ஆள்தான் சம்பந்தி வாய்வார்த்தையை நம்பினான்.

அது கல்யாணமாகி ஏழாவது மாதம். ஒரு புதன்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றாள். என்ன கண்ணு என்றதற்கு, சும்மாதானுங்கப்பா, பாக்கோணும்னு இருந்துச்சு என்றாள். மரகதம் அவள் தலையைத் துடைத்துவிட்டாள், ரசம் வைத்தாள், ராத்திரி இவரிடம் புருஷன் பொண்டாட்டிக்குள்ள ஆயிரம் இருக்கும், நம்ம நோண்டக் கூடாது என்றாள். சனிக்கிழமை காலையில் சம்பந்தியிடமிருந்து போன். ஒண்ணுமே இல்லீங்க சம்பந்தி, சின்னஞ்சிறுசுக சண்ட, நீங்களே கூட்டிக்கிட்டு வந்து உட்டுட்டீங்கன்னா கவுரவமா இருக்கும். ஒண்ணுமே இல்லீங்க. லைன் ஆஃப் பண்ணியாச்சுங்க, நானே பாத்தனுங்க. இவர் மறுபேச்சில்லாமல் வேட்டி மாற்றிக்கொண்டார். ஈரோட்டில் பஸ் மாறி, பெருந்துறையில் இறங்கி, ஒரு சீப்பு பழமும் மிக்சர் பொட்டலமும் வாங்கிக்கொண்டு, பெண்ணுக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தார். அவள் பின்னால் வந்தாள். திரும்பிப் பார்த்தாரா. பார்த்த ஞாபகம் இல்லை. சம்பந்தி வீட்டில் பலகாரம் கொடுத்தார்கள், காபி கொடுத்தார்கள். சம்பந்தி கரண்டு கட்டாவதைப் பற்றி ஏதோ கேட்டார், இவர் விளக்கம் சொன்னார், நன்றாகத்தான் சொன்னார், எல்லாரும் சிரித்தார்கள். கிளம்புகிறபோது கோகிலா கேட் வரைக்கும் வந்தாள். கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “அடுத்த பஸ்ஸுக்குப் போங்களேன்ப்பா” என்றாள். அடுத்தது டவுன் பஸ்ஸு கண்ணு, நின்னு நின்னு போவும் என்றார். அதுதான் சொன்னார். அந்த வார்த்தையைத்தான் சொன்னார். நின்னு நின்னு போவும். அவள் சரி என்று தலையாட்டினாள்.

அந்த இடத்துக்கு வந்தால் மனசு மேலே போக மாட்டேன் என்கிறது. பேப்பர் படிக்கிறபோது, பல் தேய்க்கிறபோது, சும்மா ஈஸி சேரில் சாய்கிறபோது, கேட் கம்பி, கம்பியைப் பிடித்த விரல், அடுத்த பஸ்ஸுக்குப் போங்களேன்ப்பா. அடுத்த பஸ்ஸுக்கு நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும். அரை மணி நேரம். அந்த அரை மணி நேரத்தில் அவள் என்ன சொல்லியிருப்பாள். ஒன்றும் சொல்லியிருக்க மாட்டாள், சும்மா கூட நின்றிருப்பாள், அவ்வளவுதான் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொள்வார். சமாதானம் ஒரு நிமிஷம்கூட நிற்பதில்லை. நிஜத்தில் அவள் என்ன சொல்லியிருப்பாள் என்று தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. கேட்டால் போதும். எட்டு மாதமாக ஒரே வீட்டில், ஒரே ஹாலில், எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். தண்ணி வேணுங்களாப்பா என்கிறாள், மோர் ஊத்து கண்ணு என்கிறார். என்ன நடந்தது கண்ணு என்று மட்டும் கேட்டதில்லை. பெண்பிள்ளை விஷயம், அம்மாவிடம் சொல்லியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டார். மரகதமோ, அப்பன் மேல் உயிரையே வைத்திருக்கிறவள், அவரிடம் சொல்லியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். இரண்டு பேருமே கேட்கவில்லை. மரியாதைக்காகக் கேட்கவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். இல்லை. பயம். கேட்டால் அவள் சொல்லிவிடுவாள் என்ற பயம். சொல்லிவிட்டால் அந்தப் புதன்கிழமை வந்தவளைச் சனிக்கிழமை கொண்டுபோய் விட்டவன் யார் என்ற கேள்வி வரும். கேள்வி வந்தால் பதில் சொல்ல வேண்டியது சம்பந்தி இல்லை. அதனால்தான் ஷெட்டு. பத்தடியா எட்டடியா, தகரமா செங்கல்லா, வாஸ்து நாளா சாதா நாளா என்று இரண்டு வாரமாக மண்ணில் கோடு கிழித்துக்கொண்டிருப்பது எதனால் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் மறுபடியும் குனிந்து, அழிந்துபோன கோட்டின் மேல் இன்னொரு கோடு கிழித்தார்.

சமையல்கட்டுக் கதவு திறந்து மரகதம் எட்டிப் பார்த்தாள். புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை, பெருமாளுக்குத் தளிகை போடுகிற நாள். நெற்றியில் வியர்வையும் கையில் கரண்டியுமாக நின்றாள்.

“ஏனுங்க, மணி பத்தரையாச்சு. போன் பண்ணுனீங்களா?”

“பண்றேன்.”

“பண்றேன், பண்றேன்னா எப்பத்தானுங்க பண்ணுவீங்க. வண்டி போயிருச்சுன்னா? நாளைக்கு அவிய வந்து எங்க உக்காருவாங்க? அண்டா மேலயா?”

“அவளை ஒரு வார்த்தை கேட்டயா நீயி?”

மரகதம் கரண்டியைப் பார்த்தாள். “எதுக்குங்க கேக்கறது. போகமாட்டேன்னா சொல்லப்போறா? நீங்க சொன்னா அவ தட்டவா போறா?”

அது உண்மை. அதுதான் இருக்கிறதிலேயே பெரிய பயம். அவர் சொன்னால் அவள் தட்ட மாட்டாள். நாளைக்குக் கிளம்பு கண்ணு என்றால் தோள்பையை எடுத்துக்கொள்வாள். மரகதம் உள்ளே போய்விட்டாள், எண்ணெயில் வடை விழுகிற சத்தம் கேட்டது. அர்த்தநாரி சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, ஷெட்டுக்காரர் நம்பரைத் தேடி, அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். தகரம் என்று சொல்லிவிடலாம். தகரம் என்றால் இன்றைக்குப் பொழுதோடு முடிந்தது. நாளைக்கு எல்லாரும் சிரித்துப் பேசுவார்கள், மரகதம் மாவிளக்குப் போடுவாள், எதிர்வீட்டு மாடியில் துணி ஒழுங்காக ஒரே தடவை காயும். மாப்பிள்ளை திருந்தியிருக்கலாம். மனுஷன் திருந்துவதில்லையா. செங்கல் என்று சொன்னால் பெண் இங்கேயே இருப்பாள், இந்தச் சுவருக்குள் அவளுக்கு நாற்பது வயதாகும், தனக்கும் மரகதத்துக்கும் பிறகு அவளும் அந்த அண்டாவும் பீரோவுமாக இருப்பார்கள். எதைச் சொன்னாலும் அவள் தலையில்தான் விழுகிறது. விரல் பச்சைப் பொத்தானுக்கு மேலே நின்றது, அழுத்தவில்லை.

வாளியோடு கோகிலா வந்தாள். துவைத்த துணியைக் கொடியில் போட வந்தவள், மண்ணில் கிடந்த கோடுகளைப் பார்த்து, மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போனாள். ஒரு பாவாடையை உதறிப் போட்டாள். அவர் வேட்டியை எடுத்து, முனைக்கு முனை இழுத்துச் சுருக்கம் எடுத்துப் போட்டாள். அவர் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

“என்னப்பா முடிவு பண்ணுனீங்க?”

“இன்னம் இல்லை கண்ணு. உங்கம்மா தகரங்கறா. மாரப்பன் கட்டச் சொல்றாரு.” துண்டை எடுத்துத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டார். “உனக்கு எது தோதுன்னு படுது?”

இவ்வளவு கேட்பதற்கு எட்டு மாதம் ஆயிருக்கிறது. அதுவும் ஷெட்டைக் கேட்கிற சாக்கில். அவள் ஒரு கிளிப்பை எடுத்துக் கொடியில் மாட்டினாள். இன்னொரு கிளிப்பைக் கையிலேயே வைத்துக்கொண்டு கோடுகளைப் பார்த்தாள்.

“கட்டுனா, உள்ளார இருந்து தாப்பாப் போடற மாதிரி கட்டலாங்களாப்பா?”

அவர் பதிலை யோசிக்கவே இல்லை, வேலைக்காரப் புத்தி தானாகச் சொல்லிற்று. “சாமானம் வெக்கற ரூமுக்கு வெளித்தாப்பாதான கண்ணு. உள்தாப்பா எதுக்கு?”

“நான் படுத்துக்கறேன்ப்பா. சாமானம் அதுபாட்டுக்கு உள்ளயே இருக்கட்டும். நான் இங்க படுத்துக்கறேன்.”

“பொடக்காலியிலயா?”

“உள்தாப்பா இருந்தாப் போதும்.” வாளியில் மிச்சமிருந்த துணியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், குரல் உயரவும் இல்லை தாழவும் இல்லை. “அங்க எங்க ரூமுல கழட்டீட்டாங்க. நீங்க என்னைக் கொண்டு போயி உட்டுட்டு வந்தீங்கல்ல, அன்னிக்குச் சாய்ந்தரமே. கோவிச்சுக்கிட்டு ஓடறவளுக்குத் தாப்பா எதுக்குன்னு, மாமாதான் திருப்புளி கொண்டாந்து கழட்டுனாரு. அப்பறம் எப்ப வேணாலும் வருவாங்கப்பா. அவரும் வருவாரு, மாமாவும் வருவாரு. சீல மாத்தறப்பவும் மாமா வருவாரு. உங்க மாப்பிள்ளகிட்டச் சொன்னேன். எங்கப்பன் ஊட்டுல எந்த ரூமுக்கு எங்கப்பன் போகக் கூடாதுங்கறேன்னு என்னைத்தான் திருப்பிக் கேட்டாரு.”

கையிலிருந்த கிளிப்பைக் கொடியில் மாட்டினாள். துணி இல்லாத இடத்தில், வெறும் கயிற்றில்.

அர்த்தநாரி துவைக்கிற கல்லைப் பிடித்துக்கொண்டார். ஈரோட்டில் பஸ் மாறி, ஜன்னலோர சீட்டுக் கிடைத்த சந்தோஷத்தில் காற்று வாங்கிக்கொண்டு அவர் வந்துகொண்டிருந்த அந்தச் சாயங்காலம். காபி கொடுத்த அதே கை. கரண்டு கட்டாவதைப் பற்றிக் கேட்டுச் சிரித்த அதே சம்பந்தி. ஒரு திருப்புளி, நாலு ஸ்க்ரூ, ஐந்து நிமிஷ வேலை. இவர் சங்ககிரியில் இறங்கியிருப்பாரா அப்போது. கவுரவமாக விட்டுட்டு வந்தாச்சு என்று மரகதத்திடம் சொல்லிக்கொண்டிருந்திருப்பாரோ. அழுகை வரும் என்று நினைத்தார், வரவில்லை. வெட்கம்தான் வந்தது, அறுபத்திரண்டு வயதில் இப்படி ஒரு வெட்கம் வரும் என்று அவர் அறிந்திருக்கவில்லை. தப்புப் பண்ணீட்டேன் கண்ணு என்று சொல்ல வேண்டும். வாயைத் திறந்தபோது சட்டைப் பையில் போன் அடித்தது.

“வண்டி ரெடிங்க. ஏத்தீரலாங்களா?”

“வேண்டாங்க.”

“ஓ. கட்டறதா முடிவு பண்ணீட்டீங்களா?”

“அதும் இல்லீங்க. ஷெட்டே வேண்டாங்க” என்று வைத்துவிட்டார்.

உள்ளே போனார். கோகிலா பின்னால் வந்தாள். சின்ன ரூம் வாசலில் நின்று ஒரு பார்வை பார்த்தார். பிறகு கைக்கு எட்டிய முதல் அண்டாவை இழுத்து, இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டுபோய்ப் பொடக்காலியில் வைத்தார். திரும்ப வந்து குடங்களை எடுத்தார். கிரைண்டர், போசி, தட்டுக் கட்டு, கண்ணாடி மேசை. பீரோவை அவரால் தனியாக அசைக்க முடியவில்லை. கோகிலா ஒன்றும் கேட்காமல் மறுபக்கம் பிடித்தாள். தரையில் கர்ரென்று இழுபட்ட சத்தத்தில் மரகதம் சமையல்கட்டிலிருந்து ஓடி வந்தாள்.

“என்னுங்க பண்றீங்க? ஷெட்டு வரட்டுமுங்க!”

“வராது. வேண்டாம்னுட்டேன்.”

“எல்லாத்தயும் இப்பிடி வெட்டவெளியில போட்டா? ஊரு பாக்குதுங்க.”

“பாக்கட்டும்.”

“மழ வந்தா?”

“நனையட்டும்” என்றார். மூச்சு வாங்கியது. பீரோவின் மேல் கை வைத்துக்கொண்டு மனைவியைப் பார்த்தார். “உங்கண்ணனுக்குப் போனப் போட்டுச் சொல்லு. நாளைக்கு யாரும் வர வேண்டாம்னு சொல்லு. நாளைக்கில்ல, எப்பவும்.”

மரகதம் அவர் முகத்தைப் பார்த்தாள், மகள் முகத்தைப் பார்த்தாள். மெதுவாக நடந்துபோய் அடுப்பை அணைத்தாள்.

பதினொன்றரைக்குள் ரூம் காலியாகிவிட்டது. மொபெட்டை எடுத்துக்கொண்டு கடைவீதிக்குப் போய், இருக்கிறதிலேயே கனமான தாழ்ப்பாள் ஒன்று கேட்டு வாங்கி வந்தார். கதவின் உட்பக்கம் பென்சிலால் குறித்து, ஆணியால் துளை போட்டு, ஸ்க்ரூ ஒவ்வொன்றையும் இறுகும் மட்டும் முடுக்கினார். நாலாவது ஸ்க்ரூவில் திருப்புளி இரண்டு தடவை நழுவியது. போட்டு முடித்து, இழுத்துப் பார்த்து, தள்ளிப் பார்த்து, நகர்ந்து வழி விட்டார். கட்டிலை அவளே உள்ளே இழுத்துப் போட்டுக்கொண்டாள். உறையைப் பிரிக்கிற சத்தம் கேட்டது. கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. அப்புறம் தாழ்ப்பாள் விழுந்தது.

மரகதம் இலை போட்டு, பெருமாளுக்குப் படைத்து, கற்பூரம் காட்டினாள். மணி ஒன்று, ஒன்றரை ஆயிற்று. சோறு ஆறிக்கொண்டிருந்தது. அவள் எழுந்துபோய்க் கதவைத் தட்டக் கையை ஓங்கினாள்.

“தட்டாத” என்றார் அர்த்தநாரி. “அவளாத் தொறந்துக்கிட்டு வருவா. வர்றப்ப வரட்டும்.”

இரண்டு பேரும் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள்.